படம் போட்ட டி-சர்ட்: தோளும் கழுத்தும் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். வயது 26. உயரம் ஐந்தடி ஆறு அங்குலம், கொஞ்சம் தொப்பை. வீடு நீடாமங்கலம் பக்கம், வேலை மன்னார்குடியில், தினமும் பஸ். தள்ளுபடி போடும்போதெல்லாம் வாங்கி, படம் போட்ட டி-சர்ட் பதினான்கு சேர்ந்துவிட்டது. எதைப் போட்டாலும் அம்மா, "தூங்கி எழுந்து அப்படியே வந்துட்டியா?" என்கிறார்கள். எதோடு எதைப் போடுவது, வேட்டிக்குச் சரிப்படுமா, கல்லூரி போகும் தங்கைக்கு என்ன சொல்வது, மூவாயிரம் ரூபாய்க்குள் என்ன வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் ஒன்பது வருஷம் இருந்தவன். கைமடியாக, அதாவது டெய்லருக்கு எடுபிடியாகச் சேர்ந்து, செக்கிங் பார்த்து, கடைசி நாலு வருஷம் பிரிண்டிங் பட்டறையில். இப்போது கும்பகோணத்தில் ஒரு சின்ன ரெடிமேட் கடை, அதன் பின்னால் நாலு டேபிள் போட்டு பிரிண்டிங். ஃபேஷன் படித்தவன் இல்லை. ஆனால் ஒரு டி-சர்ட் ஏன் ஒருவருக்கு எடுப்பாக இருக்கிறது, அதே டி-சர்ட் இன்னொருவருக்கு ஏன் கோணிப்பை மாதிரி இருக்கிறது என்பதைத் தினமும் பார்க்கிறேன்.

அம்மா சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் டி-சர்ட்டைப் 'பனியன்' என்றுதான் சொல்வார்கள். அது பிறந்ததே உள்ளாடையாகத்தான். 1913-ல் அமெரிக்கக் கடற்படை சீருடைக்கு உள்ளே போடக் கொடுத்த துணி அது. நெஞ்சில் அச்சடித்த டி-சர்ட்டோடு ஒருவர் பத்திரிகை அட்டையில் வந்தது 1942 ஜூலையில், லைஃப் இதழில். அதில் இருந்தது ஒரு விமானப்படைத் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியின் முத்திரை. உள்ளே இருந்ததை வெளியே கொண்டுவந்தால், உள்ளே போடுவது போலத் தொளதொளவென்று இருக்கக்கூடாது. வீட்டில் போடுகிற பனியனுக்கும் கடைத்தெருவுக்குப் போடுகிற டி-சர்ட்டுக்கும் வித்தியாசம் படத்தில் இல்லை, வெட்டில் இருக்கிறது.

அதனால் 'எதோடு போடுவது' என்பதைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். இன்று ராத்திரி பதினான்கையும் கட்டிலில் பரப்பி வைத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நில்லுங்கள். படத்தைப் பார்க்காதீர்கள். தோளைப் பாருங்கள். கையைச் சேர்த்த தையல் தோள் எலும்பு முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா? அரை அங்குலம் முன்னே பின்னே பரவாயில்லை. இரண்டு அங்குலம் கீழே இறங்கித் தொங்கினால் அது உங்கள் அளவு இல்லை. இப்போது 'ஓவர்சைஸ்' என்று விற்கிறார்களே, அது வேறு கணக்கு. அதில் தோளை வேண்டுமென்றே இறக்கித்தான் வெட்டுவார்கள், ஆனால் நீளத்தை அளவாக வைத்திருப்பார்கள். சரியான ஓவர்சைஸ் டி-சர்ட் அகலத்தில் பெரிதாகவும் நீளத்தில் சாதாரணமாகவும் இருக்கும். டபுள் எக்ஸெல் வாங்கிப் போட்டுக்கொண்டு அதுதான் ஓவர்சைஸ் என்று நினைப்பவர்கள் என் கடைக்கே வாரத்துக்கு நாலு பேர் வருகிறார்கள். அது அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட தம்பி மாதிரிதான் இருக்கும்.

நீளம், பேண்ட் ஜிப்பின் பாதி வரை. அதற்குக் கீழே போனால் ஐந்தடி ஆறு அங்குலக்காரருக்குக் கால் குட்டையாகத் தெரியும். இது ஒன்றைச் சரிசெய்தாலே பாதிப் பேருக்கு உருவம் மாறிவிடும். நீளம் அதிகமாக இருந்தால் தூக்கிப்போட வேண்டாம். ஓவர்லாக் மெஷினும் ஃபிளாட்லாக் மெஷினும் இருக்கிற தையல்காரரிடம் கொடுத்தால் வெட்டி மடித்துத் தைத்துக் கொடுப்பார். சாதாரணத் தையல் மெஷினில் அடிக்கச் சொல்லாதீர்கள், பனியன் துணி இழுபடும்போது நூல் பட்டென்று அறுந்துவிடும்.

அப்புறம் கழுத்து. டி-சர்ட்டுக்கு முதலில் வயசாவது கழுத்தில்தான். கழுத்தைச் சுற்றித் தைத்திருக்கிற பட்டையை, ரிப் என்பார்கள், இரண்டு கையாலும் லேசாக இழுத்து விடுங்கள். பழையபடி சுருங்கி உட்கார்ந்தால் உயிர் இருக்கிறது. இழுத்தது இழுத்தபடி நெளிந்து நின்றால், படம் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் அது வெளியே போடத் தகுந்ததில்லை. அம்மாவின் கண்ணுக்குத் 'தூங்கி எழுந்த' மாதிரி தெரிவது பெரும்பாலும் இந்த நெளிந்த கழுத்தாகத்தான் இருக்கும். கடைசியாக ஒன்று: இரண்டு தோளையும் பிடித்துத் தூக்கி, பக்கத் தையல் நேராக விழுகிறதா என்று பாருங்கள். மட்டமான துணியில் இரண்டு சலவைக்குள் துணி முறுக்கிக்கொண்டு, பக்கத் தையல் தொப்புளை நோக்கி நகர்ந்து வந்திருக்கும். அதற்கு வைத்தியம் கிடையாது.

இந்தச் சோதனையில் பதினான்கில் ஆறோ ஏழோ தப்பித்தால் நீங்கள் அதிர்ஷ்டக்காரர்.

இனி படத்துக்கு வரலாம். பட்டறையில் நாங்கள் படத்தின் மேல் விளிம்பைக் கழுத்துத் தையலிலிருந்து ஏறக்குறைய மூன்று அங்குலம் கீழே வைப்போம். கையால் பார்த்தால் நாலு விரல் அகலம். அப்படி வைத்தால் படம் நெஞ்சில் உட்காரும். அவசரத்தில் அடிக்கிறவர்கள் ஐந்து, ஆறு அங்குலம் கீழே இறக்கி வைத்துவிடுவார்கள். அப்போது படத்தின் நடுப்பகுதி வயிற்றின் மேல் வரும். தொப்பை உள்ளவருக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. ஒரு சதுரப் படத்தை உருண்டையின் மேல் ஒட்டினால் எப்படி இருக்கும்? நெஞ்சில் சின்னதாக ஒரு படம், அல்லது நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு வரி எழுத்து, அல்லது முன்பக்கம் ஒன்றுமில்லாமல் முதுகில் பெரிய படம். தொப்பைக்காரருக்கு இந்த மூன்றும் பாதுகாப்பு. முதுகுப் படத்தை நான் இன்னும் கொஞ்சம் சிபாரிசு செய்வேன். எதிரே நின்று பேசுகிறவருக்கு நீங்கள் தெரிவீர்கள், போன பிறகு படம் தெரியும்.

நம் பக்கத்துக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. பெங்களூரில் இருக்கிறவர் சொல்கிற யோசனை நமக்கு ஒத்துவராததற்குக் காரணம் வியர்வை. சித்திரை, வைகாசியில் வெயில் மட்டும் இல்லை, காற்றில் ஈரமும் இருக்கிறது. தண்ணீர் வந்து வயலில் நின்றுவிட்டால் புழுக்கம் சாயங்காலம் கூட இறங்காது. இதில் நெஞ்சு முழுக்க ரப்பர் மாதிரி கெட்டியாக அடித்த படத்தைப் போட்டுக்கொண்டு மன்னார்குடி பஸ்ஸில் ஏறினால், படத்துக்குப் பின்னால் இருக்கிற தோல் மூச்சுவிட வழியில்லாமல் நனைந்து, துணி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். இறங்கும்போது படத்தின் வடிவத்திலேயே வியர்வைக் கறை இருக்கும்.

காரணம் மையில் இருக்கிறது. பிளாஸ்டிசால் என்ற மை பிவிசி கலந்தது. சூட்டில் காய்ந்து துணிமேல் ஒரு தோலாகவே படிந்துவிடும். நிறம் பளிச்சென்று இருக்கும், காற்றை விடாது. டிடிஎஃப் என்று இப்போது எல்லா ஊரிலும் அடிக்கிறார்களே, ஃபிலிமில் அச்சடித்துச் சூடுவைத்து ஒட்டுவது, அதுவும் இதே குணம்தான். தண்ணீர் மை துணிக்குள் இறங்கிவிடும். தடவிப் பார்த்தால் படம் இருப்பதே கைக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் என்று ஒன்று உண்டு, அதில் துணியின் சாயத்தையே அந்த இடத்தில் வெளுக்க வைத்துப் படம் வரும். கறுப்பு, கருநீலத் துணியில் கொஞ்சம் பழையதுபோன்ற மங்கலான படம் வேண்டுமென்றால் அதற்கு ஈடே இல்லை. கடையில் எது எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி: படம் இருக்கிற இடத்தில் வாயை வைத்து ஊதுங்கள், பின்பக்கம் கையை வைத்துப் பாருங்கள். காற்று வந்தால் எடுக்கலாம். வராவிட்டால், படம் உள்ளங்கை அளவுதான் என்றால் பரவாயில்லை, நெஞ்சு முழுக்க என்றால் மார்கழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

துணியின் கனத்தை ஜிஎஸ்எம் என்று சொல்வார்கள், ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்ற கணக்கு. 140, 150 என்றால் மெல்லிசு, உள்ளே இருப்பது தெரியும். 240-ல் வருகிற ஓவர்சைஸ் டி-சர்ட் நிற்கிற அழகு தனிதான், ஆனால் நம் பக்கம் மே மாதத்தில் அதைப் போடுவது போர்வையைப் போர்த்திக்கொண்டு நடப்பதற்குச் சமம். 180, நூறு சதவீதம் காட்டன், பயோவாஷ் செய்தது. டெல்டாவில் வருஷம் முழுக்க ஓட இது போதும். பயோவாஷ் என்பது என்சைம் போட்டுத் துணியின் மேலுள்ள பிசிறு பஞ்சை எடுத்துவிடுவது. அது செய்த துணி சீக்கிரம் உருண்டை கட்டாது.

நிறத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. சாம்பல் கலந்த மெலாஞ்ச் நிறத்தையும் வெளிர் நீலத்தையும் பஸ்ஸில் போகிறவர் தவிர்த்துவிடலாம். ஒரு சொட்டு வியர்வையும் அதில் குளம் மாதிரி தெரியும். வெள்ளை, கருநீலம், கறுப்பு மூன்றும் மறைக்கும். கறுப்பில் காய்ந்த பிறகு உப்புக் கோடு வரும், அதை ஈரக் கையால் துடைத்துவிடலாம்.

சரி, எதோடு போடுவது? டி-சர்ட்டில் படம் இருக்கிறது என்றால் பேச வேண்டியதை அது பேசிவிடுகிறது. மற்றதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். கிழிசல் ஜீன்ஸ், பக்கவாட்டில் ஆறு பாக்கெட் வைத்த பேண்ட், பெரிய பக்கிள் பெல்ட், கையில் நாலு பட்டை, இதெல்லாம் படம் போட்ட டி-சர்ட்டோடு சேரும்போது திருவிழாக் கடைத்தெரு மாதிரி ஆகிவிடும். எல்லாக் கடையும் கூவும், எதுவும் காதில் விழாது.

கனமான ஜீன்ஸைவிட மெல்லிய காட்டன் பேண்ட் நமக்கு எல்லாவகையிலும் மேல். கால் நேராக இறங்க வேண்டும், கணுக்காலில் இறுக்கிப் பிடிக்கக்கூடாது. தொப்பைக்குக் கீழே கால் குச்சியாகத் தெரிந்தால் தொப்பை இரண்டு மடங்காகத் தெரியும். நிறம் தேர்ந்தெடுக்க ஒரு சுலபமான வழி சொல்கிறேன். படத்தில் அதிகமாக இருக்கிற நிறத்தை விட்டுவிடுங்கள். மூலையில் கொஞ்சமாக இருக்கிற ஒரு நிறம் இருக்கும், அதைப் பேண்டுக்கோ மேலே போடுகிற சட்டைக்கோ எடுங்கள். கறுப்பு டி-சர்ட்டில் வெள்ளைப் படகு, அடியில் ஒரு கீற்று பழுப்பு என்றால், பேண்ட் பழுப்பு. யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், ஆனால் 'என்னமோ நல்லா இருக்கு' என்பார்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது திருப்பூரில் இல்லை. கொள்ளிடத்துக்கு அக்கரையில் கோடாலிக் கருப்பூர் இருக்கிறது. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்கு ஒரு காலத்தில் அங்கேதான் சேலை நெய்து, மெழுகு வைத்துச் சாயம் ஏற்றினார்கள். அந்தச் சேலை இப்போது மியூசியத்தில்தான். ஆனால் அந்தக் கைவேலையின் தொடர்ச்சியாகக் கோயிலிலும் தேரிலும் தொங்குகிற உருளை வடிவத் துணியான தொம்பையும், மேலே கட்டுகிற விதானமும் வரைகிற கலம்காரிக்காரர்கள் கும்பகோணம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். கருப்பூர் கலம்காரிக்கு 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு தொம்பையைப் பக்கத்தில் நின்று பாருங்கள். சிவப்பு, கறுப்பு, பழுப்பு வெள்ளை, அங்கங்கே மஞ்சள். அவ்வளவுதான் நிறம். யாளியும் அன்னமும் கொடியும் அத்தனை நெருக்கமாக இருந்தும் கண் கூசாததற்குக் காரணம் அந்த மூன்று நாலு நிறக் கட்டுப்பாடு. தலையிலிருந்து கால் வரை மூன்று நிறத்துக்கு மேல் வேண்டாம் என்று கடையில் நான் சொல்வது அங்கிருந்து வந்ததுதான். இன்னொன்று, அந்தச் செங்கல் சிவப்பும் கடுகு மஞ்சளும் நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அப்படிப் பொருந்தும். வெளிறிய ரோஸையும் ஐஸ்கிரீம் பச்சையையும் மாடல் போட்டிருந்தார் என்று வாங்கிவந்து முழிக்கிறவர்கள் அதிகம்.

டி-சர்ட்டின் மேல் பட்டன் போடாமல் ஒரு சட்டை போடுவது நல்ல யோசனை, ஆனால் நம் ஊரில் அது சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், இல்லையென்றால் ஐப்பசியிலிருந்து தை வரை. அரைக்கை, மெல்லிய காட்டன், வெள்ளையோ காக்கியோ வெறும் நிறம். கட்டம் போட்ட சட்டையைப் படத்தின் மேல் போடாதீர்கள், இரண்டும் சண்டை போடும். இந்தச் சட்டைக்கு இன்னொரு உபயோகமும் உண்டு, சொல்கிறேன்.

திருப்பூரில் இருந்தபோது ஒருநாள் பட்டறையிலிருந்து கிளம்பி ஊருக்கு வரலாம் என்று மயிலாடுதுறை ஜனசதாப்தி ஏறினேன். போட்டிருந்தது செகண்ட்ஸில், அதாவது சின்னக் குறை என்று ஒதுக்கியதில், எடுத்த மஞ்சள் டி-சர்ட், நெஞ்சில் கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில் 'லெட்ஸ் பார்ட்டி'. கரூர் தாண்டும்போது போன். பாபநாசத்தில் பெரியப்பா தவறிவிட்டார். தஞ்சாவூரில் இறங்கி நேராகத் துக்க வீட்டுக்குப் போய்விட்டேன். வாசலில் பந்தல், பெஞ்சில் பெரியவர்கள். யாருமே ஒன்றும் சொல்லவில்லை. ஆங்கிலம் தெரிந்த ஒரு மாமா மட்டும் என் நெஞ்சைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கழுத்தில் போட்டு இரண்டு முனையையும் முன்னால் இழுத்துவிட்டார். "எடுக்காதப்பா" என்று மட்டும் சொன்னார். பெரியப்பாவின் உடலை எடுக்கிற வரை அந்தத் துண்டோடு நின்றேன். அன்றிலிருந்து பையில் ஒரு வெறும் வெள்ளைச் சட்டை இல்லாமல் நான் வெளியூர் போனதில்லை.

எழுத்து போட்ட டி-சர்ட் வாங்கும்போது முழுக்கப் படியுங்கள் என்று இதனால்தான் சொல்கிறேன். எழுத்துப்பிழையோடு, கொச்சையான பொருளோடு, ஏதோ ஊரின் ஏதோ கிளப்பின் பெயரோடு வருவது ஏராளம். முகத்துக்கும் இது பொருந்தும். உங்கள் பதினான்கில் ஒன்றில் சே குவேரா இருக்கிறார். அந்தப் படம் ஆல்பர்ட்டோ கோர்டா 1960 மார்ச் 5-ல் ஹவானாவில் எடுத்தது. உலகத்தில் அதிகமாக அச்சடிக்கப்பட்ட முகங்களில் ஒன்று. வேறு ஊரில் அதைச் சும்மா போட்டுக்கொண்டு போகலாம். திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் போட்டுக்கொண்டு டீக்கடையில் நின்றால், யாராவது ஒரு பெரியவர் "தோழர் எந்த ஊர்?" என்று ஆரம்பித்துவிடுவார். பதில் சொல்லத் தெரிந்திருந்தால் ஒரு டீ இலவசம். தெரியாவிட்டால் அந்த டி-சர்ட்டை வீட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தமிழ் எழுத்துக்கு எப்போதும் கிராக்கி உண்டு. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகக் காளைப் படமும் எழுத்தும் அச்சடித்துக் கை ஓய்ந்தது. 2020 செப்டம்பரில் 'ஹிந்தி தெரியாது போடா' டி-சர்ட் ஓடின ஓட்டம் உங்களுக்கே தெரியும், அப்போது நான் பட்டறையில்தான் இருந்தேன். தமிழ் டி-சர்ட்டில் நான் பார்ப்பது ஒற்று. 'வாழ்கை' என்று அடித்த டி-சர்ட்டை இரண்டு முறை கண்ணால் பார்த்திருக்கிறேன். கொம்பும் காலும் இடம் மாறிக் கிடப்பதும் சகஜம், எழுத்துரு ஒத்துப்போகாத கம்ப்யூட்டரில் போட்டு அப்படியே ஸ்க்ரீன் எடுத்துவிடுவார்கள். சின்னதாக, நெஞ்சின் இடப்பக்கம் இரண்டு சொல், அழகான எழுத்து. அதுவே போதும், குறள் முழுவதையும் முதுகில் அடித்துக்கொண்டால் பின்னால் வருகிற வண்டிக்காரர் படித்துக்கொண்டே மோதிவிடப் போகிறார்.

வேட்டி. தாராளமாகப் போடலாம், பாதி டெல்டா கைலியும் டி-சர்ட்டுமாகத்தானே வளர்கிறது. ஆனால் கைலி கட்டமாக இருக்கும், அதற்குப் படம் போட்டது வேண்டாம், வெறும் நிறம் போடுங்கள். படம் போட்டதற்கு ஏற்றது மெல்லிய கரை வேட்டி. கரையின் நிறமும் படத்தில் உள்ள ஒரு நிறமும் ஒன்றாக இருந்தால் பிரமாதம்: மெரூன் கரை, வெள்ளை டி-சர்ட்டில் மெரூன் எழுத்து. ஜரிகைக் கரைக்கு டி-சர்ட் வேண்டாம், அது சட்டை கேட்கும். நீளம் இடுப்பு மடிப்பை மறைத்தால் போதும். வேட்டியை மடித்துக் கட்டுகிற பழக்கம் உள்ளவர் நீள டி-சர்ட் போட்டால், பின்னாலிருந்து பார்க்க வேட்டி ஏதோ டவுசர் மாதிரி இரண்டு விரல்தான் தெரியும். கோயிலுக்கும் பெண் பார்க்கவும் இந்த ஏற்பாடு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஆற்றங்கரை, டீக்கடை, நண்பன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் பந்தல் வேலை, இதற்கெல்லாம் அருமை.

உங்கள் பதினான்கில் இரண்டு திருவிழாக் குழு டி-சர்ட் என்று எழுதியிருந்தீர்கள். மன்றத்தின் பெயரும் முதுகில் நம்பரும் போட்டது. அவை பெரும்பாலும் பாலியஸ்டர். சப்ளிமேஷன் என்கிற அச்சு பாலியஸ்டரில்தான் பிடிக்கும், அதனால்தான் அந்தத் துணி. கபடி ஆட, வாலிபால் ஆட நல்லது, சீக்கிரம் காயும். அலுவலகத்துக்கு வேண்டாம், மதியத்துக்குள் வாடை வந்துவிடும்.

தங்கைக்கு. பேண்ட், ஜீன்ஸ் பற்றி அவருக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நம் ஊர் வெயிலுக்கு நான் பார்த்ததில் அழகானது, கணுக்கால் வரை வருகிற காட்டன் பாவாடையோடு, படம் போட்ட டி-சர்ட்டை உள்ளே சொருகிப் போடுவது. பாவாடை வெறும் நிறமாகவோ மெல்லிய கோடாகவோ இருந்தால் சரி. முழுவதும் சொருகப் பிடிக்காவிட்டால் முன்பக்கம் மட்டும், இல்லையென்றால் ஓரமாக ஒரு முடிச்சு. காட்டன் சேலைக்கு ரவிக்கைக்குப் பதில் டி-சர்ட் போடுகிறார்கள், அதுவும் நன்றாக இருக்கிறது. ஆனால் முந்தானை நெஞ்சிலுள்ள படத்தை மூடிவிடும் என்பதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. சேலைக்கு எடுப்பதாக இருந்தால் படம் கையிலோ, வலது தோளுக்குப் பின்னாலோ இருக்கிறதைப் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். டவுன் பஸ் நெரிசலுக்கு மேலே ஒரு மெல்லிய சட்டை, பட்டன் போடாமல். அதை அண்ணனிடமிருந்து எடுத்துக்கொள்வார், நீங்கள் தனியாகக் கொடுக்க வேண்டாம்.

காலுக்கு எல்லோரும் வெள்ளை ஷூ சொல்கிறார்கள். அது மழைக்காலம் வரைக்கும்தான். சம்பா நடவு முடிந்து மழை பிடித்துவிட்டால் நம் வண்டல் சேறு வெள்ளையை ஒரே நாளில் காவியாக்கிவிடும், தேய்த்தாலும் போகாது. பழுப்புத் தோல் செருப்பு, பின்னால் வார் வைத்தது. காட்டன் பேண்டுக்கும் வேட்டிக்கும் தங்கையின் பாவாடைக்கும் ஒத்துப்போகும்.

துவைப்பதைப் பற்றிச் சொல்லாவிட்டால் மேலே சொன்னதெல்லாம் வீண். உள்பக்கத்தை வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில், கையால் கும்மினால் போதும். கல்லில் அடித்தால் படம் பத்தாவது தடவையில் வெடித்துவிடும். பிரஷ் போடவே கூடாது. கொடியில் தோளைப் பிடித்துக் கிளிப் போட்டால் கழுத்து இழுபடும், அதனால் இடுப்புப் பக்கத்தைக் கொடியில் மடித்துப் போடுங்கள். நிழலில் காயட்டும். இஸ்திரி உள்பக்கமாகத்தான். படத்தின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்து, படம் பெட்டியோடு வந்துவிட்டது என்று என்னிடமே கொண்டுவந்து சண்டை போட்டவர் உண்டு. அடைமழை நாளில் அரை ஈரத்தோடு மடித்து வைத்தால் கரும்புள்ளி விழும். ஃபேனுக்கு அடியில் ஒரு ராத்திரி போட்டுவிட்டு மடியுங்கள். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புத் தண்ணீரில் துவைக்கிறவர்கள் வெள்ளை டி-சர்ட் ஆசையைக் குறைத்துக்கொள்வது நல்லது, கடைசி அலசலுக்கு மட்டுமாவது மழைத் தண்ணீர் கிடைத்தால் கொஞ்சநாள் தாங்கும்.

மூவாயிரத்தில் புதிதாக டி-சர்ட் வாங்காதீர்கள். இதுதான் நான் சொல்வதில் முக்கியமானது. பழுப்பில் ஒன்றும் கருநீலத்தில் ஒன்றுமாக இரண்டு காட்டன் பேண்ட், ஒரு வெள்ளை அரைக்கைச் சட்டை, மீதியில் செருப்பு. பேண்ட் நீளத்தைக் கடையிலேயே வெட்டித் தைத்துக்கொண்டு வாருங்கள், குதிகாலில் மடிந்து கிடக்கக்கூடாது.

சோதனையில் தோற்ற டி-சர்ட்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். தோளும் நீளமும் தப்பாக இருந்தாலும் துணி நன்றாக இருந்தால் ராத்திரி தூங்கும்போது போடுங்கள், அதற்காகப் பிறந்ததுதானே. முறுக்கிப் போனது, கழுத்து நெளிந்தது எல்லாவற்றையும் பக்கத்து பைக் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாம். திருப்பூரிலிருந்து பனியன் வேஸ்ட் மூட்டை மூட்டையாகப் போவதே பட்டறைகளில் எண்ணெய் துடைக்கத்தான். கொடுப்பதற்கு முன் படம் இருக்கிற பகுதியை மட்டும் கத்தரியால் வெட்டி எடுத்துவிடுங்கள். காற்றை விடாத மை எண்ணெயையும் உறிஞ்சாது.